கோதைக்கு ஒரு சாட்சி

சித்திரை மாதத்து வியாழக்கிழமைச் சந்தையில், பூண்டு மூட்டைகளுக்கும் பலாப்பழக் குவியலுக்கும் நடுவே நின்று ஜவ்வுமிட்டாய் தின்றுகொண்டிருந்த மகளின் வாயை அங்கயற்கண்ணி முந்தானையால் துடைக்கப் போனபோது, முந்தானை காற்றைத் துடைத்தது. வாய் அங்கே தெரிந்தது, உதட்டில் ஒட்டிய ரோஸ் நிறச் சர்க்கரை தெரிந்தது, விழுந்த பல்லின் சந்துகூடத் தெரிந்தது, ஆனால் கோதை அங்கே இல்லை, ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளி இருந்தாள். துழாவிக் கன்னத்தைக் கண்டுபிடித்துத் துடைத்துவிட்டு அங்கயற்கண்ணி அசையாமல் நின்றாள். தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பூண்டு வியாபாரி, பிள்ளை கொஞ்சம் தள்ளி நிக்குது போலிருக்கே என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு எடை போடப் போய்விட்டார்.

ஊசிப்பாறைக்காரர்கள் எதற்கும் வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. மேற்குமலையின் மழை மறைவுப் பக்கத்தில், மலைப்பூண்டும் பீன்ஸும் விளைகிற அந்த ஊரின் உச்சியில், வானத்தைக் கேட்பதற்கென்று சொல்லி வெள்ளை வெள்ளையாகப் பெரிய கிண்ணங்களை லாரியில் ஏற்றி வந்து நிறுத்தியபோது, கிண்ணத்துக்கு அடியில் ஆடு மேயலாமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். மேயலாம் என்றதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். கிண்ணங்களோடு மதுரையிலிருந்து வந்தவள்தான் அங்கயற்கண்ணி. டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று தெரிந்ததும் ஊரே சளிக்கும் மூட்டுவலிக்கும் மருந்து கேட்டு வந்தது, தான் அந்த டாக்டர் இல்லை என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்த பிறகு, போனால் போகிறது என்று அவளை மன்னித்து, டாக்டரம்மா என்ற பெயரை மட்டும் அவளுக்கே விட்டுவைத்தது. உள்ளூர்ப் பூண்டு விவசாயி மாசிலாமணியை அவள் கட்டிக்கொண்டபோது இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் குதித்தார்கள். ஊர் குதிக்கவில்லை, சாப்பாட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது.

அவளுடைய வேலை இன்னதென்று ஊருக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் டீக்கடையில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் சலிக்காமல் சொல்லியிருக்கிறாள். அந்தக் கிண்ணங்கள் கேட்பது கேழ்வரகு மணியளவே நீளமுள்ள பொடி அலைகளை. அவ்வளவு பொடி அலைக்குக் காற்றிலிருக்கிற ஈரமே எமன். ஈரம் அலையைப் பிடித்து இழுத்துத் தாமதப்படுத்தும், உடனே வானத்தில் இங்கே இருக்கிற ஒன்று அங்கே இருப்பதாகக் கிண்ணங்களுக்குப் படும். எவ்வளவு தள்ளிப் படுகிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. பக்கத்தில், ஏற்கெனவே இடம் தெரிந்த இன்னொன்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அது தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகித் தெரிகிறதோ அவ்வளவும் காற்றின் பிழை என்று கழித்துக்கொண்டு, மறுபடி முதலாவதைப் பார்க்க வேண்டும். பார், திரும்பு, கழி, மறுபடி பார், காற்று மாறுவதற்குள் மறுபடி திரும்பு, இப்படியே பகலும் இரவும். இடம் தெரிந்த அந்த இன்னொன்றுக்குக் கிண்ணத்து ஆட்கள் சாட்சி என்று பெயர் வைத்திருந்தார்கள், எதைப் பார்க்கும்போது எதைச் சாட்சியாக வைப்பது என்று பொறுக்கித் தருவதுதான் அங்கயற்கண்ணியின் உத்தியோகம்.

சாட்சி பிரகாசமாக இருக்க வேண்டும், பக்கத்திலே இருக்க வேண்டும், புள்ளி போலச் சிறிதாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே மாறாமல் இருக்க வேண்டும். இத்தனையும் ஒன்றில் அமைவது கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தமும் அமைவதைவிட அபூர்வம். வியாழன் பிரகாசம்தான், ஆனால் தட்டு மாதிரி அகலம், போதாததற்குச் சுற்றிலும் நிலாக்களை வேறு கூட்டிக்கொண்டு வரும். கணக்குக்கு அடங்காத தொலைவில் எரிகிற குவேசார்கள் நல்ல புள்ளிகள், ஆனால் நேற்று எரிந்த மாதிரி இன்றைக்கு எரியாது. திடீரென்று பொங்கும், திடீரென்று சுருங்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் முதல் நாளே சொல்லிவிடுவாள், பழைய அளவை நம்பாதீர்கள், அன்றன்றைக்கு அளந்துவிட்டுத்தான் சாட்சியை நம்ப வேண்டும் என்று. இன்னொன்றும் சொல்வாள்: சாட்சியை எல்லோரும் ஓயாமல் பார்ப்பார்கள், ஆனால் சாட்சிக்காகவே அதை ஒருத்தரும் பார்ப்பதில்லை. அதைச் சொல்லும்போது சிரிப்பாள், அந்தச் சிரிப்பு சித்திரை மாதம்வரை இருந்தது.

விரற்கடை, சித்திரை முடிவதற்குள் ஒரு சாண் ஆயிற்று. ஊர் அதற்கு ஏற்றாற்போல் தன்னைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஸ்டெல்லா டீச்சர் கோதைக்கு ஒரு பெஞ்சை முழுசாக ஒதுக்கிக் கொடுத்தார், வருகைப் பதிவின்போது பெஞ்சில் தெரிகிற பிள்ளை வாயசைக்க ஜன்னலோரமாக ‘உள்ளேன் டீச்சர்’ கேட்டால் சரி என்று அடுத்த பெயருக்குப் போனார். பஸ் கண்டக்டர் ரொம்ப யோசித்து அரை டிக்கெட்டுக்கு மேல் வாங்குவது நியாயமில்லை என்று முடிவு செய்தார், ஆனால் இரண்டு சீட்டைக் காலியாக விட்டார். முனியாண்டி கோயில் பூசாரி, எங்கேயாவது ஒன்று நெற்றியில் படட்டும் என்று அந்தப் பக்கம் பூராவும் திருநீற்றைத் தூவினார். டீக்கடைச் சொக்கர் பன்னை நீட்டாமல் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார், அது காணாமல் போனதும் பிள்ளை சாப்பிட்டது என்று எடுத்துக்கொண்டார். ஏன் இப்படி ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டு என்ன செய்வது.

ஒரு சாண் ஒரு முழமானபோதுதான் பயம் வந்தது. காலில் சலங்கை கட்டிப் பார்த்தார்கள், சத்தமும் அவளோடு சேர்ந்து தள்ளிப்போயிற்று. தன்னை விட்டுப் பிரிந்ததை மட்டும் அவளால் இழுத்துக்கொண்டு போக முடியவில்லை: வெட்டிப்போட்ட நகம், துப்பிய எச்சில், மண்ணில் பதித்த காலடி, இவையெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அது தெரிந்ததும் பஞ்சாயத்துத் தலைவர் வீரணன் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தார், எல்லா வீட்டுக்காரர்களும் அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிடாமல் வாசலில் பரப்ப வேண்டும் என்று. காலையில் கோலம் போடுகிற பெண்கள் கோலத்தை விட்டுவிட்டுச் சாம்பல் தூவினார்கள், தெருவெல்லாம் சாம்பல், பள்ளிக்கூட மைதானமெல்லாம் சாம்பல், அதில் சின்னச் சின்னக் காலடி விழுவதைப் பார்த்து, இதோ இப்போதுதான் இங்கே போனாள் என்று ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். காலடி போன வழியைச் சொல்லும், நிற்கிற இடத்தைச் சொல்லாது. ஆனாலும் அந்தச் சாம்பலைப் பிடித்துக்கொண்டுதான் வைகாசியை ஓட்டினார்கள்.

கோதைக்கும் அதே கதிதான். சுவரும் மரமும் அவளுக்குச் சரியாகத் தெரிந்தன, மனுஷர்கள் மட்டும் தள்ளித் தெரிந்தார்கள். அம்மாவைக் கட்டிக்கொள்ள ஓடிவந்து அலமாரியில் மோதினாள், அவளை வாரியெடுக்கப் போன அங்கயற்கண்ணி கதவைத் தழுவினாள். முதலில் பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டது, பிறகு சாப்பாட்டுத் தட்டோடு ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, யாரும் தேட வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன் என்று எந்த மூலையென்று தெரியாத மூலையிலிருந்து சொன்னது. அதைக் கேட்ட அங்கயற்கண்ணி அழவில்லை, அதைவிட மோசமான ஒன்று சந்தையன்றே அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்கவே இல்லை.

அவளுக்குக் கணக்குத் தெரிந்ததுதான் சங்கடம். கிண்ணங்களுக்குப் பக்கத்தில் காற்றின் ஈரத்தை அளக்க ஒரு கருவி இருந்தது. அதில் ஈரம் ஏறின நாளெல்லாம் கோதை கூடுதலாகத் தள்ளினாள், இறங்கின நாளெல்லாம் குறைவாகத் தள்ளினாள். வானத்தில் தினமும் பார்க்கிற அதே பிழை தன் வீட்டு நடுக்கூடத்தில் பாவாடை கட்டிக்கொண்டு நடமாடுகிறது என்று அவளுக்கு விளங்கிற்று. ஆனி பிறந்தால் மலைக்கு அந்தப்பக்கத்து மேகம் இந்தப்பக்கமும் வழியும், கிண்ணங்களையே மழைக்காலம் முடியும்வரை மூடிவைத்துவிடுவார்கள். மழை வந்தால் ஈரம் ஏறும், பிள்ளை ஆள் உயரத்துக்கும் தெரு அகலத்துக்கும் தள்ளிப்போவாள், சாம்பலும் கரைந்து போயிருக்கும். ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் பஸ் வருகிற ரோடு. மழைக்கு முன்னால் சாட்சி கிடைத்தாக வேண்டும், இல்லையென்றால் கோதை இந்த மலையில்தான் இருப்பாள், ஆனால் யாருக்கும் இருக்க மாட்டாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துப் பார்த்ததில், கோதைக்குப் பக்கத்தில் போய் நிற்கிற யாரானாலும் அவர்களும் கொஞ்சம் தள்ளித்தான் தெரிந்தார்கள். கல்லும் கம்பமும் தள்ளவில்லை, மனசு இருக்கிறவைதான் தள்ளின. ஆடு தள்ளியது, ஆனால் ஆட்டை ஒரு இடத்தில் நிற்கச்சொல்ல யாராலும் முடியவில்லை. தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு அதற்குள் ஆளை நிறுத்தினால், வட்டத்தை விட்டு ஆள் எவ்வளவு தள்ளித் தெரிகிறார் என்று பார்த்து, சாம்பலில் விழுந்த கோதையின் காலடியோடு ஒப்பிட்டு, இவர் ஒரு சாண் தள்ளினால் பிள்ளை இரண்டு சாண் தள்ளுகிறாள் என்று அந்த ஆளுக்கான அளவைக் கண்டுவிடலாம். ஒரு தடவை கண்டுவிட்டால் போதும், பிறகு சாம்பலே வேண்டாம். வட்டத்தில் நிற்கிறவரைப் பார், திரும்பு, கழி, பிள்ளையைப் பார். அளவு மட்டும் மாறாமல் இருக்க வேண்டும், அதுதான் ஒருத்தரிடமும் இல்லை. மனசு பொங்கினால் ஆள் கூடுதலாகத் தள்ளினார், சோர்ந்தால் குறைவாகத் தள்ளினார்.

ஊரே சாட்சி சொல்ல வரிசையில் வந்து நின்றது. தலைவர் வீரணன் முதல் ஆளாக வந்தார், ஆனால் அவரைச் சுற்றி எப்போதும் நிற்கிற ஆட்களும் கூடவே வட்டத்துக்குள் வந்துவிட்டதால் யார் எவ்வளவு தள்ளினார்கள் என்று பிரிக்க முடியவில்லை, அங்கயற்கண்ணி வியாழனை அனுப்பி வைக்கிற மாதிரி அவரை மரியாதையாக அனுப்பி வைத்தாள். சொக்கர் வந்தார், யார் எதிரே நிற்கிறார்களோ அவர்களுக்கு ஏற்ற மனசு அவருக்கு, ஆளுக்கு ஒரு அளவு காட்டினார். கண்டக்டர் நிலையான மனுஷர்தான், பஸ் கிளம்புகிற நேரம் வந்தால் மட்டும் அவர் அங்கே இல்லை. பூசாரியை நிறுத்தினால் மாலைக்குள் சாமி வந்துவிட்டது. ஸ்டெல்லா டீச்சர் பக்கத்திலும் இருந்தார், நிதானமாகவும் இருந்தார், ஆனால் பிள்ளைகள் எல்லோர்மீதும் ஒரே மாதிரி பாசம் வைத்துப் பழகிப்போன அவரிடம் கோதைக்கென்று விழுந்த தள்ளல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாக இருந்தது. ஒவ்வொருவராகக் கழிந்தார்கள், ஒவ்வொருவரும் கழிந்தபோது ஏதோ குற்றம் செய்தவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

கடைசியில் மாசிலாமணி நின்றான். பிள்ளையை நினைத்துச் சோறு இறங்காமல் பாதியாக இளைத்துப்போயிருந்தான், ஆனாலும் வட்டத்துக்குள் கைகட்டி நின்றபோது நல்ல பெரிய தள்ளலாகத் தெரிந்தது, காலையில் அளந்ததும் மதியம் அளந்ததும் சாயங்காலம் அளந்ததும் ஒன்றாகவே இருந்தன. மறுநாள் அவனைப் பார்த்துத் திரும்பி, கழித்துவிட்டு அங்கயற்கண்ணி கையை நீட்டினாள், நீட்டிய கையில் மகளின் கை அகப்பட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அகப்பட்ட கை. கூடியிருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள், சொக்கர் அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை. கோதை அப்பாவின் கையையும் அம்மாவின் கையையும் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தாள்.

அதற்கு மறுநாள் அளந்தார்களா என்றால், இல்லை. தினமும் வானத்துக்குச் செய்கிறதை, புதியவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்கிறதை, அங்கயற்கண்ணி தன் வீட்டுக்காரனுக்குச் செய்யவில்லை. இவரைத்தான் எனக்குத் தெரியுமே என்று இருந்துவிட்டாள். பிள்ளையின் கை கிடைத்ததிலிருந்து மாசிலாமணிக்குள் சந்தோஷம் நுரைத்துக்கொண்டு நின்றது, பழைய அளவு அவனுக்கு இனி ஆகாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. பள்ளி விட்ட நேரம், பஸ் திருப்புகிற இடத்திலும் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்ற மாசிலாமணியை எல்லோரும் பார்த்தார்கள், கழித்தார்கள், கோதை சுவர் ஓரமாக நிற்கிறாள் என்று முடிவு செய்தார்கள், வரலாம் வா என்று கண்டக்டர் பஸ்ஸின் பின்பக்கத்தைத் தட்டினார். சுவர் ஓரத்தில் தெரிந்த கோதை வாயைத் திறந்தாள். ரத்தம் மட்டும் பஸ்ஸின் பின்சக்கரத்துக்குக் கீழே, சாம்பலில், அவள் உண்மையில் நின்ற இடத்தில் வந்தது.

பாதம் நசுங்கியதோடு போயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவிக் கட்டுப் போட்டார், கண்ணைத் திறந்தால் கை தவறுகிறது என்றார். கண்டக்டர் இரண்டு நாள் பஸ்ஸில் ஏறவில்லை. மாசிலாமணி அழுதான், பிறகு கட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று கேட்டுத் தெம்பானான், பிறகு மலையுச்சியில் கறுத்து நின்ற மேகத்தைப் பார்த்து மறுபடி உடைந்தான். அவனுடைய அளவு மணிக்கொரு தடவை மாறிக்கொண்டிருந்தது, பாவம், தகப்பன்.

மூன்றாம் நாள் மதியம், வீட்டுக்குப் பின்னால் பூண்டு காயப்போட்டிருந்த களத்தில், அங்கயற்கண்ணி சும்மா நின்றுகொண்டிருந்தாள். வட்டத்தில் நிறுத்திப் பார்க்க ஊரில் ஆள் மிச்சமில்லை. மாசிலாமணி வந்து எதிரே நின்றான், அவனுக்குக் கோபம் வந்திருந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம் கடைசியில் அவள்மேல் வந்து விழுந்தது.

“நான் ஒரு நாளைக்கு நாலு தடவ செத்து நாலு தடவ பொழைக்கிறேன் அங்கை. நீ மாறவே இல்ல. சந்தையில அன்னைக்கு எப்படி நின்னியோ, அப்படியேதான் இன்னைக்கும் நிக்கிற. கை கெடச்சப்பகூட உன் மூஞ்சியில ஒண்ணும் இல்ல, நான் பாத்தேன். புள்ள நமக்குத் திரும்பி வந்துரும்னு ஒரு நிமிசமாச்சும் நம்புனியா?”

“இல்லைங்க,” என்றாள் அங்கயற்கண்ணி.

“ஒரு தடவகூட?”

“ஒரு தடவகூட இல்ல. அந்த மிட்டாய் வாயத் தொடைக்கப் போனேன் பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுலருந்து அப்படியேதான் இருக்கு.”

அவன் அடிக்கப்போகிறவனைப் போல நின்றான், அப்புறம் கை தளர்ந்தது. பூண்டுச் சருகு காற்றில் பறந்து இரண்டு பேர் காலிலும் ஒட்டியது. இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது, சொல்லும் தைரியம் அவனுக்குத்தான் முதலில் வந்தது.

“அப்ப நீதான்,” என்றான்.

கிண்ணத்தால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாது என்பதால் அவள் தன்னை ஒருபோதும் வரிசையில் சேர்த்ததே இல்லை. இப்போது ஸ்டெல்லா டீச்சர் அளக்க, அவள் வட்டத்துக்குள் நின்றாள். நல்ல தள்ளல், பெரிய தள்ளல், ஊரில் யாருக்கும் இல்லாத தள்ளல். கால் புண் ஆறிவிடும் என்று நர்ஸ் சொன்னதாகச் சொல்லிப் பார்த்தார்கள், மாறவில்லை. சீழ் பிடித்திருக்கிறது என்று பொய் சொல்லிப் பார்த்தார்கள், அதற்கும் மாறவில்லை. மழை தள்ளிப்போகலாம் என்றார்கள், மேகம் இறங்கிவிட்டது என்றார்கள், காலையில் பார்த்தார்கள், உச்சிவெயிலில் பார்த்தார்கள், ஒரு நூலளவுகூட அவள் மாறவில்லை. அடிமட்டமாக, அசைவில்லாமல், இனிமேல் கெடுவதற்கு இடமே இல்லாத ஒரு துக்கம் அவளிடம் இருந்தது, அந்தத் துக்கத்தை வைத்து எதையும் அளக்கலாம் போலிருந்தது.

ஸ்டெல்லா டீச்சருக்குத்தான் அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. வேறு யாரையாவது பார்க்கலாமே என்று இழுத்தார். அங்கயற்கண்ணி மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “இனி இது சரியாயிரும்னு நான் நினைக்கவே கூடாது, அவ்வளவுதானே டீச்சர். நினைச்சாத்தானே மாறும். எனக்கு அந்த நினைப்பே வரல, வராததை எதுக்காச்சும் வச்சுக்கிடுங்க.”

டீச்சர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார்.

சுண்ணாம்பு வட்டம் மழைக்கு நிற்காது என்று ஊர்க்காரர்கள் சிமெண்டில் சின்னச் சின்ன மேடை கட்டினார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, கோயிலில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று, சந்தையில் ஒன்று. கோதை எங்கே போகிறாளோ அதற்குப் பக்கத்து மேடையில் அங்கயற்கண்ணி போய் உட்கார வேண்டும். கிண்ணத்து வேலையை விட்டுவிட்டாள், அவளுக்குப் பதிலாக வந்தவர் குவேசார்களைப் பொறுக்கினார். வேலையை விட்டதற்கும் அவள் வருத்தப்படவில்லை, வருத்தப்பட்டால் அளவு மாறும்.

ஆனி பிறந்து மேகம் மலையைத் தாண்டி வழிந்தது, சாம்பலெல்லாம் சாக்கடையாக ஓடியது, கோதை தெரு அகலத்துக்குத் தள்ளிப்போனாள். யாரும் பதறவில்லை. மேடையில் அங்கயற்கண்ணி உட்கார்ந்திருப்பது தெரியாது, மேடை காலியாகத் தெரியும், அவள் பத்தடி தள்ளிக் குடை பிடித்துக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். அவளைப் பார், திரும்பு, கழி, பிள்ளையைப் பார். காற்று சீக்கிரம் சீக்கிரமாக மாறியதால் ஊரும் சீக்கிரம் சீக்கிரமாகத் தலையைத் திருப்பப் பழகியது, வெளியூரிலிருந்து வந்தவர்கள் இந்த ஊர்க்காரர்களுக்குக் கழுத்தில் ஏதோ நோவு என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் கோதையோடு பாண்டி ஆடினார்கள், டீச்சர் கையைப் பிடித்து எழுதவைத்தார், மாசிலாமணி அவளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினான், தலைவாரிவிட்டான், தூக்கிக்கொண்டு தூங்கினான். அவன் சிரிக்கலாம், அழலாம், அவனுக்குத் தடை இல்லை. மழையில் ஒரு பிள்ளை தொலைந்துபோகாமல் இருந்தது ஊசிப்பாறைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருத்தியால் மட்டும் கோதையைப் பார்க்க முடியவில்லை. எல்லோரும் சாட்சியைப் பார்த்துப் பிள்ளையைக் கண்டுகொண்டார்கள், சாட்சி எதைப் பார்க்கும். அங்கயற்கண்ணிக்குத் தெரிந்ததெல்லாம் தெருவுக்கு அந்தப்பக்கம் தள்ளித் தெரிகிற ஒரு பொய்க் கோதை. காற்றின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிற, காற்றிடம் பாடம் ஒப்பிக்கிற கோதை. ஊர் நாள் முழுவதும் அவளைப் பார்த்தது, யாரும் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கேட்டு, அவள் மனசு இளகி, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான், மற்றபடி கெட்ட ஜனங்கள் இல்லை.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, சந்தை கூடியிருந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அங்கயற்கண்ணி சந்தை மேடையில் குடையோடு உட்கார்ந்திருந்தாள், எதிர்ச் சாரியில் வளையல் கடைக்குப் பக்கத்தில் கோதை நிற்பது தெரிந்தது. அந்தக் கோதை எதற்கோ எக்கினாள், ஒரு கால் இன்னும் சரியாக ஊன்ற வராததால் கொஞ்சம் சாய்ந்து எக்கினாள், யாருமில்லாத இடத்தில் கையை உயர்த்தினாள். மறுகணம் அங்கயற்கண்ணியின் கன்னத்தில் ஒரு சின்னக் கை பட்டது.

கல் தள்ளாது, மேடை தள்ளாது. மேடை இருக்கிற இடத்தில் அம்மா இருப்பாள் என்று பிள்ளை தானாகவே கண்டுபிடித்து நடந்து வந்திருந்தது. கையில் மிட்டாய்ப் பிசுக்கு இருந்தது. கோதை தன் பாவாடை நுனியை எடுத்து, அம்மாவின் கன்னத்தில் விழுந்திருந்த தூறலைத் துடைத்தாள், வளையல் கடைப் பக்கமாகக் குரல் கேட்டது.

“அம்மா, நீ இங்கயேதான் இருக்கியா?”

“இங்கயேதான்டா இருக்கேன்,” என்றாள் அங்கயற்கண்ணி.

அந்த நேரத்தில் ஜவ்வுமிட்டாய்க்காரர், பிள்ளைக்கு இன்னொன்று கொடுக்கலாம் என்று, வழக்கம்போல அங்கயற்கண்ணியைப் பார்த்துத் திரும்பி, கழித்துவிட்டு, நீட்டினார். மிட்டாய் ஒரு விரற்கடை தள்ளிச் சேற்றில் விழுந்தது.

சந்தை அப்படியே நின்றது. பூண்டு வியாபாரி தராசைக் கீழே வைத்தார். பஸ் நிறுத்தத்திலிருந்த கண்டக்டர் ஓடிப்போய் ரோட்டுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றார். பீன்ஸ் கூடைக்குப் பக்கத்திலிருந்த மாசிலாமணி இரண்டடி எடுத்துவைத்து நின்றுவிட்டான், மேடைப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருவருக்கும் அவள்மேல் கோபமில்லை. கன்னத்திலிருந்த கையை எடுக்கச்சொல்ல அங்கயற்கண்ணிக்கு வாய் வரவில்லை. அவள் வளையல் கடையைப் பார்த்தாள், அங்கே தன் மகள் வெறும் காற்றைத் தடவிக்கொண்டு நிற்பதைக் கண் கொட்டாமல் பார்த்தாள், அது எவ்வளவு தூரம் என்று பார்த்தாள்.

மிட்டாய்க்காரர் புதிதாக ஒன்றை இழுத்துச் சுற்றினார். டாக்டரம்மா மனசு பழையபடி ஆகட்டும் என்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் காத்திருந்தார்.